ஆளுக்கு ஒரு கல்

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி வெளியே வந்த பிறகு வந்த இரண்டாவது புரட்டாசியில், நாங்கள் தங்கியிருந்த மடத்துக்குச் சுவர் எழுப்ப நிதி திரட்டினார்கள். மடம் என்று நாங்கள்தான் சொல்லுவோம். அதை நடத்திய கன்னியாஸ்திரியம்மா 'இல்லம்' என்பார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் தங்குகிற இடம். கிழவர்களுக்கு ஒரு கொட்டகை, பெண்களுக்கு ஒரு கொட்டகை, நடுவில் சமையல்கட்டு, ஓரத்தில் சிலுவை வைத்த சின்ன ஜெபக்கூடம். எல்லாமே முந்திரித் தோப்பை ஒட்டின செம்மண் தரையில் மண்சுவரும் கீற்றுமாக நின்றன. எதிர்ப்பக்கம் கம்பெனி குவார்ட்டர்ஸ் பிளாக் பிளாக்காக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் சுவர் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்துகொண்டிருந்தது.

நான் அங்கே வந்து சேர்ந்த கதையை நீட்டப்போவதில்லை. குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே எங்கள் ஊர். புருஷனோடு காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தேன். குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்தில் செங்கல் சுமந்தேன். தலையில் சும்மாடு வைத்து, பத்துக் கல் அடுக்கி, ஒரு கையையும் தூக்காமல் சாரம் ஏறுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொல்லுவார்கள். புருஷன் ஒரு சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. நானும் தேடிக்கொண்டு போகவில்லை. கூலியாட்களுக்கு விட்டிருந்த குடிசை ஆம்பிளை பேரில் இருந்தது. மேஸ்திரி எட்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு குடும்பம் வருகிறது, காலி பண்ணிக்கொள் என்றார். மகளுக்கு அப்போது ஐந்து வயசு. ஒரு கையில் அவளையும் ஒரு கையில் தவலையையும் பிடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தேன்.

கன்னியாஸ்திரியம்மாவை எல்லோரும் மதர் என்றுதான் கூப்பிடுவோம். திருச்சிப் பக்கத்துக்காரர்கள். ஒல்லியான உடம்பு, நீள நடை. என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. பாய் கொடுத்தார்கள், பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தார்கள், அடுத்த நாளே சமையல்கட்டில் வேலையும் கொடுத்தார்கள். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். இன்றைக்கும் அப்படித்தான். ஒருநாளும் அதை விடு என்று அவர்கள் சொன்னதில்லை. நான் கையெழுத்துப் போடப் பழகினதும், எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினதும் அந்த மடத்தில்தான்.

முந்தின வருஷத்து மழையில் பெண்கள் கொட்டகையின் மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பகல் நேரம், உள்ளே ஆள் இல்லை. அதைக் கேள்விப்பட்டுக் கடலூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷர்தான், குரல் உயர்த்தவில்லை. அடுத்த ஐப்பசிக்குள் கல்சுவர் எழும்பாவிட்டால் இந்தக் கொட்டகையில் யாரும் படுக்கக் கூடாது, பெண்களைக் கடலூரில் இருக்கிற ஒரு விடுதிக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார். குழந்தைகள் எங்கே போவார்கள் என்று மதர் கேட்டார்கள். அந்த விடுதியில் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை, அவர்களுக்குத் தனியாக வேறு இடம் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு தடவை தாய்மார் போய்ப் பார்க்கலாம் என்றார்.

நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மகள் முற்றத்தில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கூரைக்கு ஓடு தருவதாகக் கடலூரில் ஒரு மாதா கோவிலைச் சேர்ந்த பங்கு மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். சுவரை எழுப்பிக்கொள்வது எங்கள் பொறுப்பு. மதர் தகர உண்டியல் ஒன்று செய்வித்து, பிளாக் பிளாக்காகப் போய்க் கேட்பது என்று முடிவு பண்ணினார்கள். துணைக்கு ஆளுக்கு ஒரு நாள் பெண்கள் வரவேண்டும். என் முறை வந்தபோது நான் மாட்டேன் என்றேன்.

"உண்டியல் தூக்கிகினு என்னால வர முடியாது மதர். கல்லு தூக்கச் சொல்லுங்க, எவ்ளோ வேணா தூக்கறன்."

"காசு இல்லாம கல் எங்கேருந்தும்மா வரும்?"

"கல்லாவே கேக்கறன். காசு கேட்டா பிச்சைங்க. கல்லு கேட்டா வூடு கட்டறதுக்கு."

எங்கள் கொட்டகையில் ஒருத்தி இருந்தாள். சுரங்கத்து கேட்டில் முறுக்கு விற்றவள், லாரிச் சக்கரம் ஏறி ஒரு கால் போனவள். வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டு. அவள் மூலையிலிருந்து, "மகாராணி கைய நீட்ட மாட்டாங்களாம், கூடைய நீட்டுவாங்களாம். வழி வுடுங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மதரும் சிரித்துவிட்டு, சரி, உன் வழியில் நீ கேள் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று பிற்பகலே முதல் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குச் சாலையோரம் போய் நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், நடந்து போகிற காண்ட்ராக்ட் ஆட்கள், சித்தாள் பெண்கள் என்று ஊரே அந்த வழியாகத்தான் போகும். பாதிப்பேர் எனக்குப் பழக்கமான முகம். மடத்தில் பொம்பளைங்க படுக்கச் சுவர் எழுப்புகிறோம், ஆளுக்கு ஒரு கல் கொடுங்கள் என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கல்லை எங்கிருந்து கொண்டுவர வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

முதல் நாலைந்து நாளில் வந்த கல்லெல்லாம் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஒருத்தி அடுப்புக்கல் மூன்றையும் கரியோடு கொண்டுவந்து வைத்தாள். பஸ் டிரைவர் ஒருவர் குள்ளஞ்சாவடியில் காசு கொடுத்து நாலு கல் வாங்கி, தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு பெரியவர் இடிந்துபோன தன் வீட்டுக் கல்லைக் கோணியில் கட்டி எடுத்து வந்தார். நான் எல்லாவற்றையும் மடத்து வாசலில் அடுக்கினேன். கல் அடுக்குவதில் என் கைக்கு ஒரு நேர்த்தி உண்டு. நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

பிறகு கல் வேகமாக வரத் தொடங்கியது. ஆட்கள் சாப்பாட்டுப் பையில் ஒன்று, தலைத்துண்டில் ஒன்று என்று கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் போனார்கள். சித்தாள் பெண்கள் கூடையில் இரண்டு இரண்டாக. எல்லாம் புதுக்கல். ஓரம் உடையாத, நன்றாக வெந்த, ஒரே அளவான கல்.

எனக்குத் தெரியுமா தெரியாதா என்று பின்னால் பலபேர் கேட்டார்கள். தெரியும். அந்தக் கல்லை ஒரு வருஷத்துக்கு மேல் தலையில் சுமந்தவள் நான். கையில் வாங்கினவுடனே அது எந்தச் சூளைக் கல், யாருடைய கட்டடத்துக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். மேல்புறத்தில் சூளைக்காரன் முத்திரை வேறு பதிந்திருக்கும். எழுத்துத் தெரியாத காலத்திலேயே அந்த முத்திரை எனக்குத் தெரியும். கூலிக்காரன் கல் கேட்டால் எங்கே போவான்? தான் வேலை செய்கிற இடத்தில் மலை மாதிரி கிடக்கிறதில் ஒன்று எடுத்துக்கொண்டு வருவான். ஒரு கல்லை எடுப்பதை எங்கள் ஆட்கள் யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீர் மொள்ளுவது போலத்தான். ஒருத்தர் எடுத்தால் ஒரு கல். முந்நூறு பேர் எடுத்தால் என்ன ஆகும் என்பதை எடுத்த ஒருத்தரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் நான்.

நான் என்ன செய்தேன் என்றால், முத்திரை இருக்கிற பக்கத்தைக் கீழே கவிழ்த்து அடுக்கினேன். மகளை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், ஐப்பசி வருகிறது. அதற்கு மேல் என் மனசை நான் கேட்கவில்லை.

ஒரு காலை, ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றுகிற நேரம். மேஸ்திரி வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் குடிசையிலிருந்து காலி பண்ணச் சொன்ன அதே மேஸ்திரிதான். கட்டடத்தில் கல் குறைகிறது, காண்ட்ராக்டர் தன்னைத்தான் கேட்கிறார், தன் வேலைக்கே ஆபத்து, இங்கே கல் சேருகிறது என்று பேச்சு அடிபடுகிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார். மதர் வாசலுக்கு வந்து நின்றார்கள். இது ஜனங்கள் மனசு வந்து கொடுத்தது, இந்த இடத்துக்குத் திருட்டுச் சாமான் வராது என்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பொய் சொல்லத் தெரியாதவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மேஸ்திரி கல் அடுக்கைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினால் போதும். அவர் திருப்பவில்லை. "மதர் சொன்னா சரிங்க. நான் வேற எடத்துல பாக்கறன்" என்று வாட்ச்மேனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்.

அவர் போயிருந்தால் எங்களுக்குச் சுவர். என் மகள் என் பக்கத்தில். கையில் கரண்டியோடு நின்றேன். மதர் உள்ளே திரும்பிவிட்டார்கள். அவர்கள் வார்த்தையை அந்த ஆள் அப்படியே எடுத்துக்கொண்டு போகிறார், அந்த வார்த்தை பொய் என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும் தெரியும். நான் யாரிடமும் கைநீட்டாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். இப்போது அந்த அம்மாவின் சொல்லைத் திருடி அதில் ஒளிந்துகொண்டு நிற்கிறேன் என்று பட்டது.

"மேஸ்திரி, நில்லுங்க" என்றேன். "ஒரு கல்ல திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். மூன்றாவதை அவர் தொடவில்லை.

மதர் திரும்பி வந்து என்னைப் பார்த்தார்கள். சத்தம் போடவில்லை. "பிச்சை எடுக்கமாட்டேன்னு சொன்னே. சரி. இது என்னம்மா?" என்றார்கள்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுக்கைப் பிரிக்கத் தொடங்கினேன்.

மதர் மேஸ்திரியிடம், சாயங்காலத்துக்குள் உங்கள் கல் உங்கள் இடத்தில் இருக்கும் என்றார்கள். அடுப்புக்கல்லையும், டிரைவர் வாங்கித் தந்ததையும், பெரியவர் வீட்டுக் கல்லையும் பிரித்து ஒருபக்கம் வைத்தோம். ஒரு சின்னக் குவியல். மீதி எல்லாம் போகவேண்டியது. நடக்க முடிந்த பெண்கள் எல்லோரும் தலையில் சுமந்தோம். நான் பத்துப் பத்தாக. மற்றவர்கள் மூன்று, நாலு. மதர் வரவில்லை. உண்டியலை எடுத்துக்கொண்டு பிளாக்குக்குப் போய்விட்டார்கள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை.

பிற்பகல் ஷிப்ட் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் இருந்த ஆட்களுக்கு நாங்கள் எதைச் சுமந்துகொண்டு எங்கே போகிறோம் என்று புரிந்தது. சிலபேர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான் கழுத்தைத் திருப்பவில்லை. தலையில் பத்துக் கல் இருந்தால் திருப்பவும் முடியாது.

கட்டடத்தில் கல்லை இறக்கி அடுக்கும்போதுதான் கவனித்தேன். மூன்று லாரி கல்லோடு நின்றுகொண்டிருந்தது. இறக்க ஆள் இல்லை. சம்பா நடவுக்குச் சித்தாள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் நடக்கிறதுதான். அந்த ஒரு மாசம் கட்டட வேலை படுத்துவிடும். டிரைவர்கள் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் கடைசிக் கல்லை வைத்துவிட்டு மேஸ்திரியிடம் போனேன். லாரியை மடத்துப் பெண்கள் இறக்குகிறோம், கூலியைக் காசாகத் தரவேண்டாம், கல்லாகக் கொடுங்கள் என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நொண்டியும் நோயாளியுமா வச்சிகினு லாரி எறக்கப் போறியாம்மா நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள், எங்களோடு கம்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த முறுக்குக்காரி, "காலுதான் மேஸ்திரி போச்சு. கை ரெண்டும் இருக்குது. ஒக்காந்துகினே வாங்கிப் போடறன், உன் லாரி இன்னா என் காலையா கேக்குது?" என்றாள். லாரி டிரைவர் ஒருவர் சிரித்து, இறக்கட்டும் மேஸ்திரி, எனக்கு நெல்லிக்குப்பம் போகணும் என்றார்.

மேஸ்திரி பேரம் பேசினார். பாதி நல்ல கல், பாதி அதிகம் வெந்து கோணின கல் என்றார். கோணல் கல் அடிவரிசைக்கு ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று கேட்டேன். தினம் எத்தனை கல் எங்கள் பங்கு என்று மதரிடம் அவர் வாயால் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் எடுப்போம். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்றார். காண்ட்ராக்டரிடமும் அவரே பேசிச் சம்மதம் வாங்கி வந்தார்.

மதரிடம் இதைச் சொல்ல மூன்றாம் நாள்தான் போனேன். அவர்கள் உண்டியலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டு, முடியாதவர்களை யாரும் இழுக்கக் கூடாது, இஷ்டப்பட்டவர்கள் மட்டும் போகலாம் என்றார்கள். பிறகு, "கையில சுத்திக்கப் பழைய துணி இருக்கு. எடுத்துட்டுப் போ. கல் கையை அறுக்கும்" என்றார்கள். இரண்டு நாளைக்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசினது அதுதான்.

நாங்கள் இறக்கின விதம் அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராதது. சித்தாட்கள் லாரியிலிருந்து தலையில் வாங்கிக்கொண்டு நடப்பார்கள். எங்களில் பாதிப்பேருக்கு நடக்கத் தெம்பில்லை. அதனால் லாரியிலிருந்து அடுக்குகிற இடம் வரைக்கும் வரிசையாக நின்றோம். நிற்க முடியாதவர்கள் கவிழ்த்த இரும்புச் சட்டிமேல் உட்கார்ந்தார்கள். கல் கைக்குக் கை போனது. யாரும் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டியதில்லை. நான் கடைசியில் நின்று அடுக்கினேன். முறுக்குக்காரி எனக்கு முந்தின ஆள். கல்லைக் கொடுக்கும்போதெல்லாம் "மகாராணிக்குக் காணிக்கை" என்பாள். முதல் நாள் ஒரு லாரிக்கே பொழுது சாய்ந்துவிட்டது. நாலாம் நாள் இரண்டு லாரி இறக்கினோம்.

எங்கள் பங்குக் கல் மடத்து வாசலில் சேர்ந்தது. இந்தத் தடவை முத்திரையை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. மதரின் உண்டியலில் சேர்ந்தது சுண்ணாம்புக்கும் கதவுக்கும் கொத்தனார் கூலிக்கும் ஆனது. ஆனால் கொத்தனாருக்குக் கூலி பாதிதான் கொடுக்க வேண்டிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கொத்தனாரும் ஏழெட்டு ஆட்களும் கரணையும் மண்வெட்டியுமாக வந்து நின்றார்கள். எல்லோரும் எனக்குத் துண்டில் கல் கொண்டுவந்து கொடுத்தவர்கள். அவர்களில் ஒருத்தர் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, கல்லுதான் தப்பா பூட்ச்சு. கைய எடுத்துகினு வந்திருக்கறோம்" என்றார். மதர் உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போடச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் யாராவது வந்தார்கள். பூசை முடிந்து வருகிற கிறிஸ்தவக் குடும்பங்களும் வந்து மண் குழைத்தார்கள். குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் வெள்ளைப் புடவையோடு வந்து செம்மண்ணில் இறங்கிவிட்டார். அந்தப் புடவை பிறகு எதற்கு ஆகியிருக்குமோ.

ஐப்பசி பிறந்து மேகம் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அதிகாரி வந்தார். மூன்று பக்கம் சுவர் முழு உயரத்துக்கு எழும்பியிருந்தது. மேற்குப் பக்கம் என் நெஞ்சளவுதான். ஓடு இன்னும் வந்து சேரவில்லை, பழைய கீற்றுதான் மேலே. நான் மகளைக் குளிப்பாட்டித் தலை வாரி, நல்ல பாவாடை கட்டிவிட்டு வைத்திருந்தேன். அவளை அனுப்புவதாக இருந்தால் அழுக்காக அனுப்பக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, விசேஷம் என்று நினைத்துக்கொண்டு குதித்தாள்.

அதிகாரி சுவரைக் கையால் தட்டினார். தள்ளிப் பார்த்தார். சுற்றி வந்து மேற்குப் பக்கம் நின்று யோசித்தார். இது எப்போது முடியும் என்று மதரைக் கேட்டார். மதர் என்னைக் காட்டி, "அவங்களைக் கேளுங்க. கல் அவங்க பொறுப்பு" என்றார்கள்.

எத்தனையோ பேரிடம் வாயாடியவள் நான். அன்றைக்கு ஒவ்வொரு கணக்காக மெதுவாகச் சொன்னேன். நாளைக்கு இரண்டு லாரி வருகிறது, அதை இறக்கினால் எங்கள் பங்கு போதும், வருகிற ஞாயிறு ஆட்கள் வந்தால் திங்கட்கிழமை சுவர் நிற்கும்.

"மழை வந்துட்டா?"

"மழையில லாரி வந்தாலும் எறக்குவோங்க. செங்கல்லு கரையாதுங்க."

அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளே இரண்டு தாள் இருந்தது. ஒன்றில் பெண்கள் பேர், ஒன்றில் குழந்தைகள் பேர் என்று எட்டிப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்ததால் இரண்டாவது தாளில் என் மகள் பேரைக் கண்டுபிடித்தேன். என் பேர் மற்றதில் இருந்தது. அவர் பேனாவை எடுத்து எதையும் எழுதவில்லை. இரண்டு தாளையும் சேர்த்து மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கு அப்புறம் ஒரு தடவை வருகிறேன் மதர், அதுவரைக்கும் மேற்குப் பக்கத்தில் யாரையும் படுக்கவிடாதீர்கள் என்றார்.

அவர் ஜீப் போனதும் மதர் ஜெபக்கூடத்துக்குப் போனார்கள். முறுக்குக்காரி கையில் சுற்றுகிற துணிகளைத் தேடி எடுத்து மடித்து வைத்தாள். நான் மகளின் பாயையும் என் பாயையும் மேற்கிலிருந்து எடுத்து, கிழக்குச் சுவரோரம் சேர்த்துப் போட்டேன். பிறகு அவளுடைய நல்ல பாவாடையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, மறுநாள் லாரிக்கு வருகிறவர்கள் யார் யார் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு போனேன்.